130-க்கு ஏன் கைதட்டினார்கள்?

அந்த வீடியோ எல்லாருக்கும் வந்திருக்கும், நான் வேறு எடுத்து ஒட்டப் போவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் சேனல் 5-இல் ஓடிய கேண்டில்பின் பவுலிங், சின்னப் பந்தை உருட்டி மெல்லிய கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். ஒருவர் 130 எடுக்கிறார், அரங்கமே தட்டுகிறது. கீழே கமென்டில் நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். “என் பையன் பர்த்டே பார்ட்டியிலேயே இதைவிட அதிகம் எடுப்பான்!”

எடுப்பான் ஐயா. டென்பின்னில், அதாவது நாம் வழக்கமாகப் பார்க்கும் பவுலிங்கில், எடுப்பான். இது வேற ஆட்டம்.

டென்பின் பந்து 16 பவுண்டு வரை வரும், விரல் நுழைக்கத் துளை இருக்கும். கேண்டில்பின் பந்தில் துளையே கிடையாது. குறுக்களவு நாலரை அங்குலம், எடை மிஞ்சிப்போனால் 2 பவுண்டு 7 அவுன்ஸ். எதிரே நிற்கும் பத்துக் கட்டைகளில் ஒவ்வொன்றும், அதாவது ‘பின்’, 15¾ அங்குல உயரம், நடுவில் மூன்று அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான பருமன், எடையோ ஏறத்தாழ பந்தின் எடைதான். அதனால் இடித்த வேகத்தில் பந்துதான் திசை மாறி ஓடும். பின்களின் மையத்துக்கு மையம் 12 அங்குலம். நடுவில் விழும் சந்தில் பந்து எதிலும் படாமலே போய்விடலாம். முதல் பின்னை நேராக நெற்றியில் அடித்தால் நடுவே துளைத்துக்கொண்டு போகும், இரண்டு பக்கமும் மும்மூன்று பின் அசையாமல் நிற்கும். அதுதான் ஸ்ப்ரெட் ஈகிள். மூன்றாம் எண், ஒன்பதாம் எண் பின்களை மட்டும் சாய்த்துவிட்டுப் போனால் ஹாஃப் வூஸ்டர். ஆட்டம் பிறந்த மாசசூசெட்ஸ் ஊரின் பேரையே இந்த வயிற்றெரிச்சலுக்கு வைத்திருக்கிறார்கள்.

“ஒவ்வொரு முறைக்கும் மூணு பந்து தர்றாங்களே?” தருகிறார்கள். மூன்றாவது பந்தில் பத்தும் விழுந்தால் வெறும் பத்து, போனஸ் கிடையாது. அதோடு விழுந்த பின்களை யாரும் அகற்றுவதில்லை, ‘வுட்’ என்று தளத்திலேயே கிடக்கும். தெரிந்தவர் அதன் ஒரு நுனியில் தட்டி, மறுநுனி சுழன்று போய் நிற்பதைச் சாய்க்கும்படி செய்வார். தெரியாதவரின் பந்து அதில் முட்டி ஒதுங்கிவிடும். டி.வி.யில் ஜனங்கள் மூச்சைப் பிடித்துப் பார்த்தது இந்த இடத்தைத்தான். இதுவரை அதிகபட்சம் 245. 1984-இல் ரால்ஃப் செம்ப் எடுத்தார், 2011-இல் கிறிஸ் சார்ஜென்ட் சமன் செய்தார். முழு ஸ்கோரான 300 யாருமே எடுத்ததில்லை. இப்போது 130-க்கு ஏன் தட்டினார்கள் என்று புரிகிறதா?

“சரி, ஆனா ஷோ அறுவை.” இதற்கு என்ன சொல்ல? பத்து நொடிக்கு ஒருமுறை யாராவது அலறினால்தான் நிகழ்ச்சி என்று பழகிவிட்டோம். 1958 முதல் 1996 வரை சனிக்கிழமை மதியம் ஓடியது. பல வருஷம் டான் கில்லிஸ் அந்த அடங்கிய குரலில் வர்ணனை சொன்னார். அறுவை என்றால் முப்பத்தெட்டு வருஷம் எவன் பார்த்தான்? ஸ்டாசியா செர்னிக்கி என்ற பெண்மணி எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி என்று ஒரு தலைமுறைக்கே தெரியும். அவர் எத்தனை 300 எடுத்தார் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சாதாரண ஆட்கள் வந்து பணத்துக்காகப் பந்து உருட்டிய ‘பவுலிங் ஃபார் டாலர்ஸ்’ வகையறா டி.வி. நிகழ்ச்சிகளில் காசு ஆசை இருந்தது, மறுக்கவில்லை. முதல் பந்திலேயே பத்தும் சாய்வதுதான் ஸ்ட்ரைக்; அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தால் ஜாக்பாட். ஆனால் ஊருக்கு ஊர் தனி நிகழ்ச்சி, தனி முகம். லாஸ் ஏஞ்சலஸில் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் வர்ணனையாளர் சிக் ஹெர்ன், டெட்ராய்டில் பாப் ஆலிசன். பாஸ்டனில் அதுவே ‘கேண்டில்பின்ஸ் ஃபார் கேஷ்’ ஆனது. பக்கத்துத் தெரு ஆள் வந்து நின்று, வேலையைச் சொல்லி, பெண்டாட்டி பிள்ளைக்குக் கையாட்டிவிட்டு உருட்டுவார். இன்று எந்தச் சேனல் உங்கள் தெரு ஆளைக் காட்டுகிறது? கொலையோ வெள்ளமோ வந்தால் காட்டும்.

“இவ்வளவு கோபம் எதுக்கு, ஜோக்குதானே?” ஜோக்குதான். ஆடிப் பார்த்துவிட்டு அடித்தால் நானும் சிரிப்பேன். மாசசூசெட்ஸ் பக்கம் இன்னும் கேண்டில்பின் ஹால்கள் இருக்கின்றன. பர்த்டே பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து அடிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வீசக் கூடாது, அதற்கு முன்பே தரையைத் தொட வேண்டும். மூன்று பந்து முடிந்ததும் பின் தானாக எழுந்து நிற்காது, பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். 100 தாண்டினால் ஸ்கோரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.