நாள் தள்ளிப்போன பிறகு தள்ளிப்போன நாட்கள்

என் தங்கைக்கு நாள் தள்ளிப்போனது ஐந்தாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்த்தாள், இரண்டு கோடு. மாமியாரிடம் சொன்னாள். "மூணு மாசம் முடியட்டும்மா, கண்ணு பட்டுடும், யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். கெட்டவர் இல்லை, அன்றைக்கே நாட்டுக்கோழி அடித்தவர். ஆனால் அந்த "யாரிடமும்" என்பதில் நர்ஸம்மாவும் சேர்ந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இவள் போனபோது 9 வாரம், 1 நாள். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள்.

அங்கே ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டார்கள், எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள், கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் பதிந்து நம்பரும் தந்தார்கள். பிரசவத் தேதியைக்கூட அட்டையில் எழுதினார்கள். ஸ்கேன் மட்டும் தாலுகா ஆஸ்பத்திரியில். வியாழக்கிழமை அங்கே போனாள். நோட்டைப் புரட்டிப் பார்த்து, மூன்று வாரம் கழித்து இன்னொரு வியாழக்கிழமையை எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு 12 வாரம் 3 நாள் ஆகியிருக்கும். சரி, போதும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். மொத்தம் 21 நாள். டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை இதையும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையையும் வைத்துத்தான் கணிக்கிறார்கள். அந்த நாட்கள் கடந்துவிட்டால் அந்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரட்டைக் குழந்தை என்றால் இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதும் இப்போதுதான் தெளிவாகத் தெரியும். பிரசவத் தேதியும் அப்படித்தான். தலைக்குக் குளித்த தேதி பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை, சிலருக்கு மாதவிடாயே ஒழுங்காக வராது. முதல் மூன்று மாத ஸ்கேனில் கிடைக்கும் அளவுக்குத் துல்லியமான தேதி பிறகு கிடைக்காது.

அந்த வியாழக்கிழமை அவள் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போச்சு. நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பஸ்ஸிலேயே ஒரு லிட்டர் குடித்திருக்கிறாள். டோக்கன் 14. பெஞ்சில் இருந்த எல்லோரும் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் ஒரு பெண்ணால் அடக்க முடியவில்லை. பாத்ரூம் போய்விட்டு வந்து அழுதுகொண்டே மறுபடி தண்ணீர் குடித்தாளாம். பதினொன்றரை மணிக்கு ஒருவர் கதவைத் திறந்து, "டாக்டர் இன்னைக்கு வரலை, அடுத்த வாரம் வாங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வியாழன் அரசு விடுமுறை. அதற்கடுத்த வியாழன் 14 வாரம், 3 நாள்.

"இனிமே என்.டி. பார்க்க முடியாதும்மா, அஞ்சாம் மாச ஸ்கேன்ல பார்த்துக்கலாம்" என்றாராம் டாக்டர். ஏன் லேட்டாக வந்தாய் என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"வெளியில எடுத்திருக்கலாமேடி" என்றேன். தனியாரில் 1,800 ரூபாய் கேட்டார்களாம். "உன்கிட்ட சொன்னா நீ அனுப்பிடுவன்னு தெரியும்க்கா. அதான் சொல்லல."

குழந்தைக்கு இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, இதுவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்பீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஏழாவது வாரத்தில் அடிவயிற்று வலியும் லேசான ரத்தக்கசிவும் இருந்தது. "மூணு மாசம் ஆகட்டும், ஸ்கேன் எடுக்கலாம்" என்றுதான் அவளுக்கும் சொன்னார்கள். கரு டியூபில் தங்கியிருந்தது. டியூப் வெடித்து, நள்ளிரவில் ஆபரேஷன் செய்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இரண்டு கோடு வந்தால் கரு இருக்கிறது என்று தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. வலியோ ரத்தமோ இருந்தால் வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே ஓடுங்கள். மயக்கமோ தோள்பட்டை வலியோ சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்கேன் மெஷினை நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நர்ஸை வைத்து எடுக்கவும் முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெஷின், இடம், எடுக்கும் டாக்டர் எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது, அந்தச் சட்டம் இருக்கட்டும். ஆனால் எடுக்கத் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர் என்றால், அவர் லீவு போடும் நாளில் யார் வருவார் என்று யாராவது யோசித்திருக்க வேண்டாமா?

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி கொடுக்கிறோம், 12 வாரத்துக்குள் பதியுங்கள் என்று சொல்கிறோம், பதிந்த நிமிடமே கம்ப்யூட்டர் பிரசவத் தேதியைக் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த 21 நாள் எது என்பதும் அதற்குத் தெரியும்தானே? பதியும்போதே, அந்த நாட்களுக்குள் ஒரு ஸ்கேன் தேதியையும் கையில் கொடுக்க வேண்டும். டாக்டர் வரவில்லை என்றால் முந்தின நாளே ஒரு மெசேஜ் போக வேண்டும், போன் நம்பர்தான் வாங்கி வைத்திருக்கிறார்களே. அவகாசம் முடியப்போகிறது என்றால், வெளியில் எடுக்கும் செலவை அரசு ஏற்க வேண்டும். இப்போது வாரக் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கும் வேலை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனும் இதே வரிசையில்தான். 18 முதல் 20 வாரத்துக்குள் பார்க்க வேண்டியது. அதில் பெரிய குறை ஏதாவது தெரிந்தால், மேற்கொண்டு பார்க்க, யோசிக்க, முடிவெடுக்க நாள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகும், 24 வாரம் தாண்டிவிட்டால் கருக்கலைப்புக்கு மருத்துவக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். தாமதமாக ஸ்கேன் எடுத்தவளுக்கு அந்த வாரங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

தங்கைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை, 19 வாரம் 3 நாள். புதன்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, டாக்டர் வருவாரா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்று சும்மா நானே ஒரு முறை அடித்துப் பார்த்தேன். முழு ரிங்கும் போய் நின்றது.