கொலுசுக்குக் கேட்கிற கணக்கை ரூமுக்கும் கேட்போம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போகிற சேலத்துக்காரர் யாரும் வெள்ளி இன்றைக்கு கிராம் என்ன விலை என்பதோடு நிறுத்த மாட்டார். கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, பழசைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள், எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு தரணும், இத்தனையும் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்போம். அதே நாம் ஏற்காட்டில் ஒரு ரூம் போடும்போது செல்போனில் தெரிகிற முதல் நம்பரைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது எனக்கு ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் மே மாதம், நாத்தனார் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தது. பெரியவர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை. ஒரு செயலியில் 2,999 ரூபாய் என்று பார்த்து ரூம் போட்டேன். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் வரி, சேவைக் கட்டணம் என்று 512 ஏறியது. மேலே போன பிறகு, மூன்றாவது ஆளுக்கு மெத்தை போட 1,200 என்றார்கள். காலை டிபன் இதில் சேராது என்று தலைக்கு 180 வாங்கினார்கள், நாலு பேருக்கு 720. மொத்தம் 5,431. சாயங்காலம் ஏரிப் பக்கம் நடந்தபோது வேறொரு விடுதியில் சும்மா விசாரித்தேன். அதே நாலு பேருக்கு, டிபன், மெத்தை எல்லாம் உள்பட 4,200 என்றார் அங்கிருந்தவர். அவரும் மே மாத விலைதான் சொன்னார். காலையில் ஒரு போன் பண்ணி ஆள் கணக்கைச் சொல்லிக் கேட்டிருந்தால் 1,231 ரூபாய் மிச்சம். ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக் காய்கறி, மளிகை அது.

அதனால் இப்போதெல்லாம் செயலியில் பார்ப்பேன், படங்களையும் ஆட்கள் எழுதியதையும் படிப்பேன், பிறகு நேராக விடுதிக்கே போன் பண்ணுவேன். செயலிக்குப் போகிற கமிஷனை விடுதிக்காரர்தான் கொடுக்கிறார். நேராகக் கேட்கிற ஆளுக்கு அதில் கொஞ்சம் குறைக்க அவருக்கும் மனசு இருக்கும். எத்தனை பேர், குழந்தைக்கு என்ன வயசு, டிபன் உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, டிரைவர் படுக்க இடம் உண்டா, வரியோடு கடைசித் தொகை என்ன என்று கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிடுவேன். எழுத்தில் வந்த பிறகு வாசலில் நின்று யாரும் பேச்சை மாற்றுவதில்லை.

வரியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் ரூம் வரியோடு 7,875. 7,600 ரூபாய் ரூம் 8,968. நூறு ரூபாய் வித்தியாசத்துக்குக் கையை விட்டுப் போவது 1,093. கல்யாணத்துக்கு நாலு ரூம் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தங்கும் நேரத்தையும் கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் பதினொன்றுக்கு வெளியே அனுப்பினால் ஒரு நாள் வாடகைக்கு 21 மணி நேரம்தான் கிடைக்கிறது. முகூர்த்தத்துக்கு ராத்திரி வந்து இறங்குகிற உறவுக்காரர்களுக்கு, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு வைக்கிற லாட்ஜ்தான் சரி.

இனி கார். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் காசை அதிகம் விடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கி.மீ. சொச்சம். போய்விட்டு வர எழுபதுகூட ஆகாது. ஆனால் வெளியூர் வாடகை என்று பேசினால் பெரும்பாலும் நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். இரண்டு நாள் என்றால் 500 கி.மீ. காசு. வண்டியோ விடுதி வாசலில் நிற்கிறது! எட்டு மணி நேரம், 80 கி.மீ. என்று உள்ளூர் வாடகையாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பேருந்தில் ஏறிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். மேலே போய் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் சுற்ற அரை நாளுக்கு உள்ளூர் வண்டி பிடித்தால் போதும். அந்தக் காசு மலையில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

கி.மீ. எங்கிருந்து எண்ணுகிறார்கள், மலை ஏற்றத்துக்குத் தனியாக உண்டா, டோல், பார்க்கிங் யார் கட்டுவது என்பதையெல்லாம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். டிரைவர் பேட்டாவில் மட்டும் கை வைக்காதீர்கள். ராத்திரி வண்டியிலேயே சுருண்டு படுத்தவர்தான் காலையில் நம் பிள்ளைகளை அந்த வளைவுகளில் கீழே இறக்கிக்கொண்டு வருகிறார்.

தானே ஓட்டுகிற வாடகைக் கார் எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கென்று பதிவான கார். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை யாரோ மலிவாகத் தருகிறார் என்று எடுத்து, வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். அப்போது மிச்சம் பிடித்த ஆயிரம் எந்த மூலைக்கு? எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், பெட்ரோல் முள்ளையும் சேர்த்து. மலை ஓட்டிப் பழகாதவர்கள் வளைவில் பாதி கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறினால் கிளட்ச் போய்விடும். அந்தச் செலவு நம் தலையில்தான் விழும்.

விமானத்திலும் இதே கணக்குதான். தெரிந்த குடும்பம் ஒன்று டெல்லி போக, கோயம்புத்தூரை விட பெங்களூரில் தலைக்கு 1,500 குறைவு என்று அங்கே டிக்கெட் போட்டது. நாலு பேருக்கு 6,000 மிச்சம் என்று நினைத்தார்கள். பெங்களூர் விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே இருக்கிறது. நடு ராத்திரி டாக்ஸி, காலியாகத் திரும்புகிற தூரத்துக்கும் சேர்த்து வாடகை, டோல், வெளி மாநிலத்துக்கான வரி. போகும்போதே அந்த 6,000 கரைந்துவிட்டது, திரும்பி வரும் வாடகை தனி. கோயம்புத்தூர் என்றால் சேலத்திலிருந்து அவிநாசி ரோடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி சித்ரா ஸ்டாப்பில் இறங்கலாம். அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான். கார்தான் வேண்டும் என்றால் போகிற தூரத்துக்கு மட்டும் வாங்குகிற டிராப் டாக்ஸியை விசாரியுங்கள்.

நம் சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்துக்கு 2023 அக்டோபரில் விமானம் திரும்ப வர ஆரம்பித்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். உடம்பு முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சென்னையில் ஒரு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் ராத்திரி ரயில் ஏற்காடு எக்ஸ்பிரஸைத்தான் சொல்வேன். படுத்து எழுந்தால் விடிவதற்குள் சென்ட்ரல். ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்.

இங்கிருந்து விமானத்தில் மாம்பழம் கொண்டுபோகிறவர்கள் கிளம்பும் முன் வீட்டிலேயே எடை போடுங்கள். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதை விட கவுண்டரில் கட்டுவது அதிகம். அப்புறம், பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் விமான நிலையக் கட்டணங்கள் திரும்ப வர வேண்டும். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. நாம் கேட்டு வாங்காமல் விட்டதுதான் பாதி.

எல்லாவற்றையும் விடப் பெரிய மிச்சம் நாளை மாற்றுவதில் இருக்கிறது. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும்போது எந்த விடுதியும் விலை குறைக்காது. அந்த வெயிலில் கிளியூர் அருவியில் தண்ணீரும் பெரிதாக இருக்காது. மழைக்குப் பிறகு ஒரு செவ்வாய், புதன் போய்ப் பாருங்கள். அருவியில் தண்ணீர் விழும், தோட்டத்துக்குள் மூடுபனி இறங்கும், ஏரியில் படகுக்கு வரிசை நிற்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. அவர்களால் சனி, ஞாயிறை ஞாயிறு, திங்களாகத் தள்ள முடிந்தால்கூட விலை இறங்கும்.

இந்த ஐப்பசியில் நாத்தனார் மறுபடி வருகிறார். நேற்று ஏற்காட்டில் ஒரு விடுதிக்குப் போன் பண்ணினேன். "செவ்வா, புதன்னா ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 3,400 குடுங்கக்கா, டிரைவருக்குக் கீழ ரூம் இருக்கு" என்றார் மேனேஜர். எழுதி அனுப்பச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வந்தது. அதை அப்படியே நாத்தனாருக்கு அனுப்பிவிட்டேன்.