வெட்டினால் வண்டி செத்துவிடாது

அந்த சஃபாரி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தென்னந்தோப்பு வீட்டு வாசலில் வைத்தே, டாடாவின் பழைய ஃபோர் வீல் டிரைவ் சஃபாரி காரின் பின்பாதியை அறுத்து, பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப்பாக்கிய தம்பியின் வீடியோ. எல்லாரும் பார்த்தாயிற்று, நானும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நேற்று ராத்திரி அதன் கீழே வந்திருந்த கமெண்டுகளை முழுக்கப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. "கொலை பண்ணிட்டான்", "காயலான் கடை புத்தி", "இவனுக்கெல்லாம் எவன் சஃபாரியை வித்தான்". எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதுதான் அதிகம் வலித்தது.

அந்தத் தம்பி வண்டியை அழிக்கவில்லை. அழுகிப்போன பாதியை எடுத்துவிட்டு நல்ல பாதியைக் காப்பாற்றியிருக்கிறார். வீடியோவின் தொடக்கத்திலேயே காட்டுகிறாரே. பின்சக்கரத்துக்கு மேலே துரு தின்று விரல் நுழைகிறது. டிக்கியின் தரை ஓட்டை. ஸ்டெப்னியின் பாரத்தில் பின்கதவு தொங்கிப்போயிருக்கிறது. முன்பக்கம் கேபினில் குறையில்லை, எஞ்சின் ஓடுகிறது, நாலு சக்கரமும் இழுக்கிறது. அதைப் பார்க்காமலே கொலை என்று எழுதியிருக்கிறார்கள்.

சஃபாரி பிக்கப் ஆவது அதற்கு அவமானம் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அந்த வண்டியின் வம்சம் எங்கே தொடங்கியது? 1988இல் வந்த டாடாமொபைல் 207 ஒரு பிக்கப். அந்த அடித்தளத்தில்தான் 1991இல் சியரா, அடுத்து எஸ்டேட், 1994இல் சுமோ, 1998இல் சஃபாரி என்று வரிசையாக வந்தன. அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் தனி, பாடி தனி. பாடியை ரப்பர் வைத்து சேசிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சுமையை வாங்குவது சேசிஸ். அதனால்தான் இந்த வேலை சாத்தியமாகிறது. 2021இல் அதே பெயரில் வந்த புது சஃபாரியில் பாடியே சேசிஸ். ஃபோர் வீல் டிரைவும் கிடையாது. அதை இப்படி வெட்டினால் நான்தான் முதலில் சண்டைக்கு வருவேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் சித்தப்பா இதைச் செய்தவர். போடிக்காரர்கள் பலருக்கு இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டம் உண்டு, அவருக்கும் உடும்பன்சோலைப் பக்கம் கொஞ்சம் உண்டு. அங்கே வருடத்தில் பாதி நாள் மழை. தோட்டத்து வீட்டு வாசலில் நின்ற அவருடைய சஃபாரியின் பின்பாதி இதே மாதிரிதான் போனது. கீழே போடியில் டிங்கரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணனைக் கூட்டிவந்து, ஜெனரேட்டர் வைத்து, தார்ப்பாய் கட்டி, அந்த வாசலிலேயே வேலையைத் தொடங்கினார்கள். நான் அப்போது கல்லூரி லீவில் இருந்தேன். "தாயி, டேப்பைப் பிடி" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார் சித்தப்பா.

வெட்டுவதற்கு முன்னால் அவர்கள் பார்த்த வேலைதான் பெரிய வேலை. பேட்டரியைக் கழற்றினார்கள், டீசல் டேங்கை இறக்கினார்கள். கேபினுக்குள் இடமும் வலமும் குறுக்கே ஸ்கொயர் டியூப் வைத்து வெல்டிங் போட்டார்கள். கூரையை அறுத்ததும் அதைத் தாங்கும் தூண்கள் விலகிவிட்டால் அப்புறம் கதவு சாத்தாது. அந்த அண்ணன் கதவைச் சாத்திச் சாத்தி இடைவெளியை அளந்து சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்தார். முன்சீட் பெல்ட் மாட்டும் தூணுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளித்தான் கிரைண்டரே பட்டது. பின்கதவின் மேல்பாதியைக் கண்ணாடியோடு முன்னே கொண்டுவந்து கேபினின் பின்சுவராக்கினார்கள். ஆங்கிள் அடித்து, செக்கர்டு பிளேட் போட்ட தொட்டியை சேசிஸில் வெல்டிங் வைக்காமல், பழைய பாடி போல்ட் இடங்களிலேயே ரப்பர் வைத்து முறுக்கினார்கள். வெல்டிங் போட்ட இடமெல்லாம் பிரைமர், அதன் மேல் சீலர். மழை பெய்த முதல் நாள் சித்தப்பா கேபினுக்குள் கையால் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. உர மூட்டையும் ஏலக்காயும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி தோட்டத்துக்குள் இன்னும் ஓடுகிறது. வெட்டாமல் விட்டிருந்தால் எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

"பழையபடியே ரெஸ்டோர் பண்ணியிருக்கலாமே" என்கிறார்கள். யார் காசில்? 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் மட்டுமே 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. டிங்கரிங், பெயிண்ட், கிடைக்காத பின்பக்க பாடி தகடு என்று மற்ற கணக்கையும் போட்டுப் பாருங்கள். தோப்பில் தேங்காய் ஏற்ற வண்டி தேடுகிறவரிடம் போய் ஷோரூம் பளபளப்பு கேட்பது நியாயமில்லை.

பாதுகாப்பு இல்லை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பின்பக்கம் எடை குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், அதைச் சரி பார்த்தே ஆக வேண்டும். சஃபாரிக்குப் பின்னால் சுமை வண்டி மாதிரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இல்லை, காயில் ஸ்பிரிங். பிக்கப் ஆகிவிட்டது என்பதற்காக ஒரு டன் ஏற்றக் கூடாது. தம்பி, இதைப் படித்தால் இந்த இரண்டையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் நூற்றுக்கணக்கான கமெண்டில் ஒருவராவது பிரேக்கைப் பற்றிக் கேட்டாரா? தேடிப் பார்த்தேன். இல்லை. அக்கறை உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள். இங்கே வந்தது திட்டு மட்டும்தான்.

அப்புறம் சட்டம். வண்டியை மாற்றுவதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு எனக்கும் தெரியும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரியும்: கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும். ஆகவே இந்த வண்டியை ரோட்டில் ஓட்டச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. அந்தத் தம்பியும் தோப்பைத் தாண்டமாட்டேன் என்று வீடியோவிலேயே சொல்கிறார். தோப்புக்குள்ளும் சட்டம் உண்டு என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். எரிவாயு (கேஸ்) கிட் மாட்ட வழி வைத்திருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். இதற்கும் ஒரு வழி வைத்தால் என்ன கெட்டுவிடும்? ஆஸ்திரேலியாவில் டொயோட்டாவின் பழைய லேண்ட் க்ரூஸரை வெட்டி பிக்கப் ஆக்குவது சாதாரண விஷயம். அதற்கு விதிநூல் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் சோதித்துச் சான்று கொடுப்பார், அப்புறம் ரோட்டில் ஓடலாம். இங்கே சோதிக்கக்கூட ஆள் இல்லாமல் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட்டு, ஒளிந்து ஒளிந்து செய்ய வைக்கிறோம். ஒளிந்து செய்தால்தான் ஆபத்து.

வெளிநாட்டில் எவனோ லேண்ட் க்ரூஸரை அறுக்கும் வீடியோவைப் பகிர்ந்து "கலைஞன்" என்று எழுதியவரும் நேற்றுத் திட்டியவர்களில் இருக்கிறார். அங்கே செய்தால் கலை, தென்னந்தோப்பில் லுங்கி கட்டிக்கொண்டு செய்தால் காயலான் கடை புத்தியா? அந்தத் தம்பியின் பேச்சுவழக்கைக் கிண்டல் செய்தார்கள். வீடியோவில் குனிந்து வெல்டிங் வைக்கும் அவர் அப்பாவின் பனியனைக் கிண்டல் செய்தார்கள். நான் பதில் எழுதப் போனபோது "பொம்பளைக்கு சேசிஸ்னா என்னன்னு தெரியுமா" என்று வந்தது. தெரியும். எந்த இடத்தில் அறுக்கலாம், எங்கே அறுக்கக் கூடாது என்றும் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்டாவதோடு பள்ளியை விட்ட டிங்கரிங் அண்ணன். கதவு இடைவெளியைக் கண்ணால் பார்த்தே கணித்துவிடுவார். அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் உங்கள் வண்டியில் விழும் சொட்டை எதுவும் நிமிராது. காயலான் கடையில் நிற்பவரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார். அவர் தொழிலைத் திட்டுச் சொல்லாக எடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

இந்தப் பதிவின் கீழேயும் சஃபாரியை வெட்டியது தப்பு என்று எழுதுகிறவர்கள் எழுதலாம், பதில் சொல்கிறேன். டிங்கரிங் வேலை செய்கிறவர்களையோ அந்தத் தம்பியின் வீட்டாரையோ இழிவாக ஒரு வார்த்தை வந்தாலும் நீக்கிவிடுவேன். நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் இதுதான்.