பட்டம் இருக்கிறது, மணிநேரக் கணக்கு எங்கே?

என்னோடு ஒன்றாகப் படித்து, பதினொரு ஆண்டுகள் ஐ.சி.யு.வில் வேலை பார்த்த தோழி, ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற விண்ணப்பித்திருந்தார். மொழித் தேர்வில் பி2 நிலையைத் தாண்டிவிட்டார். ஆனால் வந்து சேர்ந்தது குறைகளைப் பட்டியலிட்ட ஒரு கடிதம். மனநலம், முதியோர் பராமரிப்பு இரண்டிலும் பயிற்சி பெற்றதற்கான மணிநேரச் சான்று இல்லையாம். அந்த வார்டுகளில் அவர் நின்றவர்தான், பக்கத்தில் நானும் நின்றேன். கல்லூரி கொடுத்த தாளில் 'மருத்துவமனைப் பயிற்சி: நிறைவு' என்று ஒரே வரி.

இதற்காக அந்நாட்டு அதிகாரிகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகளும் 4,600 மணிநேரமும் வேண்டும் என்கிறது. அதில் பாதியாவது நோயாளியின் பக்கத்தில் கழிந்திருக்க வேண்டும். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், முதியோர், வீட்டுப் பராமரிப்பு என்று துறைகளையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. வெளியே படித்து வருபவர்களையும் அதை ஒட்டியே எடைபோடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையில் நோயாளியை ஒப்படைப்பவர்கள், அவர் எங்கே, எவ்வளவு நேரம் கற்றார் என்று கேட்கத்தான் வேண்டும்.

என் கோபமெல்லாம் பயிற்சி தரும் இடங்கள் மீதுதான். இறுதித் தேர்வுக்கு முந்தைய இரவு எங்கள் விடுதி அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து, ஒரே கையெழுத்தாகத் தெரியாதபடி பேனாவை மாற்றி மாற்றி, பார்க்காத பிரசவங்களைக் கேஸ் புத்தகத்தில் எழுதினோம். மறுநாள் காலை பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையொப்பம் இட்டார்கள். வார்டில் இருந்த நாட்களிலோ ஆள் பற்றாக்குறைக்கு நாங்கள்தான் ஈடு. படுக்கை விரித்தோம், மாதிரிகளை ஆய்வகத்துக்குச் சுமந்தோம். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அந்தக் கல்லூரி எங்களுக்குச் செய்தது துரோகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிரிட்டனில் பதிவு பெற வெளிநாட்டுச் செவிலியர் எழுத வேண்டிய செயல்முறைத் தேர்விலும் இதே கதைதான். அதில் பத்து நிலையங்கள், அதாவது தனித்தனிப் பணிகளைச் சோதிக்கும் பத்து இடங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். முதல் நாளிலிருந்தே கைப்பழக்கமாக்கியிருக்க வேண்டிய காரியம் இது. பயிற்சியில் கேட்பாரில்லாமல் போயிற்று.

அதற்காக, அனுபவம் உள்ள செவிலியரைப் பதிவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் உதவியாளராக வைத்திருப்பதை நான் ஏற்கவில்லை. ஜெர்மன் சட்டத்திலேயே பணி அனுபவத்தைக் கொண்டு குறையை ஈடுசெய்ய இடமுண்டு. மிச்சம் இருப்பதற்குத் தகவமைப்புப் பயிற்சியோ (விடுபட்டதை நிரப்பும் பயிற்சி) அறிவுத் தேர்வோ போதும். ஆனால் அனுபவச் சான்றிலும் எந்த வார்டு, என்ன பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வேலை பார்த்த மருத்துவமனைகளும் இதில் கைவிரிக்கின்றன.

என் கோரிக்கை சிறியது. பட்டம் கொடுக்கும் நாளிலேயே, துறைவாரியாக உண்மையான மணிநேரம் எழுதி, மேற்பார்த்தவர் கையொப்பமிட்ட தாள் ஒன்றும் மாணவர் கையில் வர வேண்டும். பிறகு அலைந்து கேட்டு வாங்குவதாக இருக்கக் கூடாது. தோழி கல்லூரிக்கு மூன்று முறை எழுதிவிட்டார். பழைய பதிவேடுகள் இல்லை என்பதுதான் மூன்று முறையும் வந்த பதில்.