காலாவதித் தேதியைச் சொல்வதில் என்ன கஞ்சத்தனம்?

பார்சல் கொண்டுபோகும் நிறுவனங்களான கேரியர்களின் ஏபிஐ கீ, அதாவது அவர்கள் சிஸ்டத்தோடு எங்கள் சிஸ்டம் பேசுவதற்கான சாவி, காலாவதியாவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தாராளமாகக் காலாவதியாகட்டும். ஒரே சீக்ரெட்டை, அதாவது ரகசியக் குறியீட்டை, வருடக்கணக்கில் வைத்து ஓட்டுவது ஆபத்து என்பது எனக்கும் தெரியும். என்றைக்குக் காலாவதியாகும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்? அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பார்சல் அனுப்பும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. கடைக்காரர் ஆர்டர் வாங்குவார். எங்கள் சிஸ்டம் பல கேரியர்களிடம் கட்டணம் கேட்கும், பார்சலில் ஒட்டும் லேபிள் எடுக்கும், பார்சல் எங்கே போகிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். இதில் ஒவ்வொரு கேரியருக்கும் ஒரு வழக்கம். ஒருவர் கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் தருவார். ஒருவர் வெறும் கீ மட்டும் தருவார். இன்னொருவர், நாம் யார் என்று நிரூபிக்கும் சான்றிதழ்க் கோப்பு தருவார். ஒரு மகானுபாவர் இருக்கிறார், போர்ட்டலுக்குள் நுழையும் அதே யூசர்நேம், பாஸ்வேர்டைத்தான் ஏபிஐக்கும் போடச் சொல்வார். அந்த பாஸ்வேர்டை மாதக்கணக்கு வைத்து மாற்றச் சொல்லி போர்ட்டல் வற்புறுத்தும். கணக்குப் பிரிவில் யாரோ பில் பார்க்க உள்ளே போவார், மாற்று என்று திரை சொல்லும், மாற்றிவிடுவார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அந்த நொடியில் கிடங்கில் லேபிள் நின்றுபோகும்.

கடைக்காரர்கள் தங்கள் சொந்தக் கேரியர் கணக்கை இணைத்திருந்தால், இந்தக் கூத்து முழுவதையும் அத்தனை பேராலும் பெருக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பாஸ்வேர்டை அவர்களே மாற்றிவிட்டு, உங்கள் சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை என்று எங்களுக்குத்தான் போன் போடுவார்கள்.

கொடுமை என்னவென்றால், இந்தத் துறைக்குத் தேதி சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு சிஸ்டம் இன்னொன்றுக்குள் நுழைய அனுமதி வாங்குவதற்கான ஓஆத் 2.0 தரநிலை வந்தது 2012இல். டோக்கன் என்ற தற்காலிக நுழைவுச்சீட்டைக் கொடுக்கும்போதே, இது இன்னும் எத்தனை விநாடி செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல் என்று அதிலேயே பரிந்துரை இருக்கிறது. அதற்கென்று ‘எக்ஸ்பயர்ஸ் இன்’ என்று ஒரு புலமே உண்டு. ஃபெடெக்ஸின் டோக்கன் ஒரு மணி நேரம், யுபிஎஸ்ஸின் டோக்கன் கிட்டத்தட்ட 4 மணி நேரம். இரண்டும் விநாடிக் கணக்கில் பதிலோடேயே வந்துவிடும். அதனால்தான் டோக்கன் விஷயத்தில் எங்களுக்குத் தூக்கம் கெடுவதே இல்லை. காலாவதியாவதற்குச் சற்று முன்பே புரோகிராம் புது டோக்கன் வாங்கிக்கொள்கிறது. மனிதன் தலையிட வேண்டியதே இல்லை.

அந்த டோக்கனை வாங்கப் பயன்படும் சீக்ரெட் இருக்கிறதே, அது ஒரு வருடமோ இரண்டு வருடமோ செல்லக்கூடியது. அது போனால் கடையே மூடல். அதற்கு மட்டும் மூச்சு விடமாட்டார்கள். ஒரு மணி நேரச் சமாச்சாரத்துக்கு விநாடிக் கணக்கு. ஒரு வருடச் சமாச்சாரத்துக்குப் பரம ரகசியம். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள்?

அதற்கும் தரநிலையில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2015இல் வெளியான ஆர்எஃப்சி 7591 என்ற ஆவணத்தில், ஒரு சீக்ரெட்டை வழங்கினால் அது எப்போது காலாவதியாகும் என்பதையும் கூடவே கொடுத்தே ஆக வேண்டும், காலாவதியே இல்லையென்றால் பூஜ்யம் என்று போடு என எழுதியே வைத்திருக்கிறார்கள். அது புரோகிராம் வழியாகப் பதிவு செய்பவர்களுக்கான விதி. நாங்கள்தான் போர்ட்டலில் பட்டனைத் தட்டி சீக்ரெட் வாங்கும் கூட்டமாயிற்றே! எங்களுக்கு அந்தப் புலம் கிடையாது. ஒரு மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் தகவல்கூட இதில் இல்லை.

சரி, காலாவதியானபிறகாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா? கீ தப்பாக இருந்தால் 401, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற எரர் எண். காலாவதியானாலும் 401. கணக்கை முடக்கியிருந்தாலும் 401. காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் அதே 401. இன்னும் ஒரு ரகம் உண்டு: வெளியே 200, எல்லாம் நலம் என்று பதில் அனுப்பிவிட்டு, உள்ளே எக்ஸ்எம்எல்லின் நாலாவது அடுக்கில் ‘அங்கீகாரம் தோல்வி’ என்று எழுதி வைத்திருக்கும். கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும்.

கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். தவறான கீயோடு வருபவனிடம், உன் கீ காலாவதியாகிவிட்டது என்று சொன்னால், அது ஒரு காலத்தில் செல்லுபடியான கீ என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமாம். ஒப்புக்கொள்கிறேன். காலாவதியான பிறகு சொல்ல வேண்டாம். அதற்கு முந்தைய மாதம் முழுவதும் சரியான கீயோடுதானே தினமும் வந்துபோகிறேன்? அப்போது பதிலின் தலைப்பகுதியான ஹெட்டரில் ஒரு வரி, இன்ன தேதி வரை செல்லும் என்று போட்டால் எந்தத் திருடனுக்கு லாபம்? உள்ளே உட்கார்ந்திருப்பவனிடம் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்று சொல்வதில் என்ன ரகசியம்?

இதன் விளைவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியாது என்பதுதான் இன்னும் பெரிய தலைவலி. லேபிள் நின்றால் உடனே தெரிந்துவிடும். கிடங்கில் பிரிண்டர் பக்கத்தில் நிற்பவர் ஒரு நிமிடம் பார்ப்பார், இரண்டு நிமிடம் பார்ப்பார், அப்புறம் போனை எடுத்துவிடுவார். அது நல்லதுதான் என்று சொல்வேன். சத்தம் போட்டு உடையும் பொருள் யோக்கியமான பொருள்.

கட்டணம் கேட்கும் இடம் அப்படி இல்லை. செக்அவுட்டில் ஒரு கேரியர் பதில் தரவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களின் கட்டணத்தைக் காட்டு என்றுதான் எல்லாரும் எழுதி வைத்திருப்போம். வாடிக்கையாளரை நிறுத்தி வைக்க முடியாதே. ஆகவே, கீ செத்த கேரியர் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். பெரும்பாலும் மலிவாக இருந்தவரும் அவராகத்தான் இருப்பார். ஆர்டர்கள் வழக்கம்போல வரும், பார்சல்கள் வழக்கம்போலப் போகும், எந்த எரரும் யார் கண்ணிலும் படாது. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து நிதிப் பிரிவு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

டிராக்கிங் அதைவிட மோசம். நிலைத் தகவல் புதிதாக வரவில்லை என்றால், பார்சல் நகரவில்லை என்றுதான் திரை காட்டும். பார்சல் வாங்கியவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்து பிரித்தும் பார்த்திருப்பார். எங்கள் திரையில் அது இன்னும் ‘வழியில்’ இருக்கும்.

ரிட்ரை என்ற வேதாளமும் இதில் உண்டு. நெட்வொர்க் தடுமாறினால் மறுபடி முயற்சி செய்வது நல்ல பழக்கம். 401க்கும் அதையே செய்யும் பழைய கோடு எந்த சிஸ்டத்திலும் ஒரு மூலையில் கிடக்கும். செத்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அது நிமிடத்துக்கு நிமிடம் கதவைத் தட்டும். எதிர்ப்பக்கம் இதைத் தாக்குதல் என்று நினைத்துக் கணக்கையே பூட்டிவிடும். இனிமேல் புது பாஸ்வேர்ட் போட்டாலும் திறக்காது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு, இசை கேட்டு, ஏபிஐ என்றால் என்ன என்று அங்கே எடுப்பவருக்கு விளக்கி, அவர் அடுத்த நிலைக்கு மாற்றி, அங்கே மறுபடி இசை கேட்டு... விடுங்கள்.

மெயில் அனுப்பினோமே என்பார்கள். அனுப்புவார்கள், மறுக்கவில்லை. யாருக்கு? கணக்கை முதன்முதலில் திறந்தவருக்கு. அவர் வேலையை விட்டுப் போய் அவருடைய மெயில்பெட்டியும் மூடப்பட்டிருக்கும். அப்படியே தப்பித் தவறி வந்து சேர்ந்தாலும் தலைப்பு ‘முக்கிய அறிவிப்பு’ என்று இருக்கும். பண்டிகைக்கால கூடுதல் கட்டணம், புதிய பெட்டி அளவுகள், கருத்துக்கணிப்பு எல்லாவற்றுக்கும் அதே தலைப்புதான். திறந்து படித்தால், ‘உங்கள் சான்றுகளில் ஒன்று விரைவில் காலாவதியாகும்.’ எந்த ஒன்று? விரைவில் என்றால் நாளைக்கா, அடுத்த மாதமா? பதில் எழுதலாம் என்றால் அந்த முகவரிக்கு எழுதினால் யாரும் படிக்கமாட்டார்களாம், அதையும் கீழே சொல்லியிருப்பார்கள்.

சரி, தேதி தெரிந்துவிட்டது, புதுப்பிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலில் நுழைந்தால் ஓடிபி. அது வேலையை விட்டுப் போனவரின் மொபைலுக்குப் போகும். அவர் நல்ல மனிதராக இருந்தால் எடுத்துப் படித்துச் சொல்வார். பாதுகாப்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கும் அமைப்பின் நடைமுறை இது!

உள்ளே போனால் ‘புதிய கீ உருவாக்கு’ என்று ஒரு பட்டன். தட்டிய நொடியில் பழைய கீ செத்துவிடும். இரண்டு கீக்கள் சில நாள் சேர்ந்து இயங்கட்டும், புதியதை எல்லா சர்வரிலும் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் பழையதை நிறுத்திக்கொள்கிறேன் என்றால் அதற்கு இடமே இல்லை. ஒழுங்கான கிளவுட் சேவைகள் பலவும் இந்த வசதியை வருடக்கணக்கில் கொடுத்து வருகின்றன. இங்கே வேலையில் இருக்கும் நேரத்தில் தட்டினால் லேபிள் நிற்கும், ஆகவே நள்ளிரவில் தட்டு. புதிய சீக்ரெட் திரையில் ஒரே ஒரு முறைதான் தெரியும். பிரவுசர் மக்கர் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

இதில் ஒரு கண்ணிவெடியும் உண்டு. சீக்ரெட்டை மாற்றினாலும், பழைய சீக்ரெட்டால் வாங்கிய டோக்கன் பல இடங்களில் தன் நேரம் முடியும் வரை செல்லும். புதிய சீக்ரெட் ஒரு சர்வரில் தப்பாகப் பதிந்திருந்தாலும், கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும் பழைய டோக்கனை வைத்து அது ஜோராக லேபிள் கொடுக்கும். எல்லாம் சரி என்று குட்நைட் சொல்லிவிட்டுப் படுத்த பிறகு, டோக்கன் முடியும் நேரத்தில் விழும். கீ மாற்றியதும் கேஷைக் காலி செய்துவிட்டு டெஸ்ட் செய்யாதவர்களுக்கு இதுதான் கதி. டெஸ்ட் என்றதும் சாண்ட்பாக்ஸ் என்ற ஒத்திகைத் தளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படுபவர்களும் உண்டு. சாண்ட்பாக்ஸ் கீ வேறு, அதற்கு வேறு தேதி. அது எப்போதும் உயிரோடுதான் இருக்கும். யாருக்கும் தேவைப்படாததற்கு ஆயுசு கெட்டி.

சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2018 டிசம்பரில் பிரிட்டனின் ஓ2 நெட்வொர்க்கில் கோடிக்கணக்கானவர்களுக்கு டேட்டா நின்றது; எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்கும் அதே காரணம். அத்தனை ஆள்பலமும் பணபலமும் உள்ளவர்களே தேதியைக் கோட்டைவிடுகிறார்கள் என்றால், ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரையை வைத்து நான் என்ன செய்வது?

ஆனால் சான்றிதழ் உலகம் இதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டது. வெப்சைட் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைக்க, சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025இல் ஓட்டுப்போட்டு முடிவு செய்தது. கேட்கும்போது வயிற்றைக் கலக்கினாலும், அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஏனென்றால் அந்தச் சான்றிதழுக்குள்ளேயே தேதி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புரோகிராமே கேட்டு வாங்கிக்கொள்ள ஏசிஎம்இ என்று ஒரு முறையும் இருக்கிறது. நாளைக் குறைத்தார்கள், வழியையும் கொடுத்தார்கள். எங்கள் கேரியர்கள் நாளை மட்டும் குறைத்துவிட்டு, ஓடிபியையும் பட்டனையும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே நாங்களே ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம். ஒவ்வொரு கீயும் பிறந்த நாளைக் குறித்து வைத்து, எப்போது சாகும் என்று ஜோசியம் பார்க்கும் ஒரு டேபிள். முப்பது நாளுக்கு முன், பதினான்கு நாளுக்கு முன், ஏழு நாளுக்கு முன் அலர்ட். தனி ஆள் பெயரில் இல்லாமல் குழு மெயில். தினமும் காலையில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் காசு செலவாகாத ஒரு முகவரிச் சரிபார்ப்பு, 401 வந்தால் ரிட்ரை செய்யாமல் உடனே கத்து என்று ஒரு விதி. இவ்வளவும் எதற்கு? எதிர்ப்பக்கத்து டேட்டாபேஸில் ஏற்கெனவே ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தேதியை இங்கிருந்து ஊகித்துக் கண்டுபிடிப்பதற்கு! அந்தக் கட்டத்தை ஏபிஐயில் திறந்துவிட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இதைத்தான் ஒரு கேரியரிடம் டிக்கெட் போட்டுக் கேட்டேன். வேறு எதுவும் வேண்டாம், காலாவதித் தேதியை ஏபிஐ பதிலில் ஒரு புலமாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று. உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அப்புறம் வரிசையாக மெயில்கள்: உங்கள் டிக்கெட் எண் இன்னது, எந்த நடவடிக்கையும் இல்லாததால் இன்ன தேதியில், இன்ன மணிக்குத் தானாக மூடப்படும். ஒரு வாரத்துக்கு முன் ஒன்று, இரண்டு நாளுக்கு முன் ஒன்று, முந்தைய நாள் ஒன்று. சொன்ன நிமிடத்தில் மூடினார்கள்.