எரகான் செய்த இலக்கணப் பிழை

கிறிஸ்டோபர் பாவ்லினியின் 'எரகான்' நாவலைப் பல வருடம் கழித்து மறுபடி படித்தேன். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஸ்டார் வார்ஸ் கதைதானே, நடுவில் ஒரு டிராகன்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

ஒற்றுமை இருக்கிறது, மறுக்க முடியாது. நாயகன் எரகான், தாய்மாமன் வீட்டில் வளரும் பண்ணைப் பையன். மாமா கொல்லப்படுகிறார், வீடு அழிகிறது. ஊரில் கதை சொல்லித் திரிந்த கிழவர் வாளும் மந்திரமும் கற்றுக்கொடுத்துவிட்டுப் பாதி வழியில் இறக்கிறார். சிறைப்பட்ட எல்ஃப் பெண்ணை மீட்டுக்கொண்டு கிளர்ச்சிப் படையிடம் போய்ச் சேர்கிறான். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த டிராகன் ஒருவனோடு மனதால் பேசுவது ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃபிளைட்' நாவலில் ஏற்கெனவே உண்டு. ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் என்பது உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் உண்டு. இரண்டு நாவல்களும் வந்தது 1968இல்.

சரி, எடுத்தாண்டதே குற்றமென்றால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் தப்ப மாட்டார். அவருடைய குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிக் கவிதையிலிருந்து வந்தவை. பாவ்லினி எழுதத் தொடங்கியபோது வயது 15. அந்த வயதில் பிடித்ததையெல்லாம் அள்ளிப் போடத்தான் தோன்றும்.

என் மனக்குறை வேறு. லெ குவினின் நாயகன் கெட் தன் கர்வத்தால் தானே ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். பிறகு அதற்குப் பயந்து கடல் கடலாக ஓடுகிறான். அவன் வளர்வதே அந்தத் தவறைச் சுமந்துதான். எரகானுக்கு முதல் பாகத்தில் எல்லாம் வெளியிலிருந்து நேர்கிறது. முட்டை வருகிறது, எதிரி வருகிறான், காயம் வருகிறது. வித்தை கூடிக்கொண்டே போகிறது, பையன் மட்டும் அப்படியே இருக்கிறான்.

அப்படி நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. முன்பு வாசித்தபோது தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு கைக்குழந்தையை ஆசீர்வதிக்கும்படி எரகானிடம் சொல்கிறார்கள். அரைகுறையாகக் கற்ற, மந்திரத்துக்கான பழைய மொழியில் அவன் நல்ல மனதோடு வாழ்த்துகிறான். 'நீ காக்கப்படுவாயாக' என்பது அவன் நினைத்தது. வாயில் வந்ததோ 'நீ கேடயமாக இருப்பாயாக'. ஒரு சிறு விகுதி தவறிவிட்டது. அந்த மொழியில் சொன்னது சொன்னபடி பலித்துவிடும்.

இதன் விளைவு 2005இல் வந்த இரண்டாம் பாகமான 'எல்டெஸ்ட்'டில்தான் தெரிகிறது. எல்வா என்ற அந்தக் குழந்தை சுற்றியுள்ள எல்லோருடைய வலியையும் உணர்கிறாள், தடுத்தே ஆக வேண்டுமென்று உடல் துடிக்கிறது. மாதங்களுக்குள் வளர்ந்த சிறுமியின் தோற்றம், பெரியவளின் குரல்.

உண்மைப் பெயரின் வலிமையை லெ குவினிடமிருந்து வாங்கியவர், அதற்குள் வேற்றுமொழி கற்கும் ஒரு பையனின் பிழையை வைத்திருக்கிறார். இதை அவர் யாரிடமிருந்தும் எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்வா அவன் முன்னால் வந்து நிற்கும் காட்சியைப் படித்தபோது, கெட்டின் நிழலைப் பார்த்த அதே நடுக்கம் எனக்கு வந்தது.