விடுகைப் பத்திரம் எழுதுவதற்கு முன்

போதை மாத்திரையோடு ஒரு மாணவன் பிடிபட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை எல்லோருக்கும் தெரியும். அதிபர் பெற்றோரை அழைப்பார். தகப்பன் எல்லோர் முன்னாலும் அடிப்பார். சில இடங்களில் பொலிஸ் வரும், சில இடங்களில் பள்ளியை விட்டு அனுப்பும் விடுகைப் பத்திரத்தோடு முடியும். இரவு அந்தப் பொடியன் தனியே கிடப்பான்.

எனக்கு அந்த இரவை நினைத்துத்தான் பயம். போதைப் பழக்கமுள்ள பதின்ம வயதினரிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மனச்சோர்வையோ வீட்டு அடியையோ மறக்கத்தான் பல பிள்ளைகள் தொடங்குகிறார்கள். பிறகு அந்தப் பழக்கமே சோர்வைக் கூட்டிவிடுகிறது. ஐஸ் என்ற போதைப்பொருளை நிறுத்திய முதல் நாட்களில் மனம் படுமோசமாகச் சரியும். கசிப்போ பியரோ, உள்ளே போனால் நிதானம் போய்விடும். அவசரத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி 16 வயதில் இன்னும் முதிரவுமில்லை.

அவசரம் தணியக் கொஞ்ச நேரம் கிடைத்தால், அதுவரை கொடிய நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால், உயிர் தப்பும். இது எங்கள் நாடே கண்ட விஷயம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. படுவான்கரைப் பக்கம் வயல் மருந்தை இன்னும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அதைப் பூட்டி வையுங்கள், சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும். பிடிபட்ட பிள்ளையை அன்றிரவு தனியே விடாதீர்கள்.

தற்கொலை பற்றிக் கேட்டால் பிள்ளைக்கு இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது, ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. "செத்துப்போகலாம் எண்டு நினைச்சியா மனே?" என்று நேராகவே கேட்கலாம். ஆமென்றால் கத்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அப்புறம், தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இங்கே குற்றமில்லை. வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம்.

விற்பவனைப் பிடிக்கட்டும், உள்ளே போடட்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அதிபர்களிடம் நான் கேட்பது வேறு. விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடம் பேசுங்கள். இல்லையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் பெற்றோரோடு அனுப்புங்கள். இரவில் அவசரமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இதை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி ஒட்டுங்கள், ரியூசன் வகுப்புகளிலும்தான்.